ஊர்ப்பெயருக்குள் இருப்பவர் யார்? ஆங்கில ஊர்ப்பெயர்களும் குடும்பப் பெயர்களும்

2025 ஏப்ரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டப்பேரவையில், ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் அச்சொல் மாறிவிட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தலித் மக்களின் குடியிருப்புகள்மீது அரசின் வீட்டுமனைத் திட்டங்களே ஒட்டிவைத்த பெயர் அது. அச்சொல்லின் பூர்வீகமோ முற்றிலும் வேறானது. ‘கொலோனஸ்’ என்றால் இலத்தீன் மொழியில் உழுபவன், குடியேறியவன். ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்களுக்கு நிலம் அளித்து உருவாக்கப்பட்ட, சிறப்புரிமைகள் கொண்ட நகரமே ‘கொலோனியா’. ஜெர்மனியின் கொலோன் நகரத்தின் பெயர் அச்சொல்லேதான். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தின் பெயரில் முதற்பாதி ‘லிந்தோன்’, அதாவது நீர்நிலை, பிற்பாதி ‘கொலோனியா’. அந்நகரத்தின் பெயரே ஒரு குடும்பத்தின் பெயராகி, அட்லாண்டிக் கடலைக் கடந்து, அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவரின் பெயராகவும் ஆயிற்று.

ஒரே சொல் லிங்கன் நகரத்தில் குடியுரிமையின் பெருமையாக இருந்தது. நம் ஊரில் ஒதுக்கத்தின் முத்திரையாயிற்று. சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் பார்த்தால் இம்மாற்றம் விளங்காது. பெயரை வைத்தவர் யார், நிலம் யார் கையில் இருந்தது, அந்நிலத்தில் வாழ்ந்தவருக்குச் சட்டம் என்ன தகுதியை வழங்கியது என்னும் கேள்விகளோடு பெயர்களை அணுக வேண்டும். ஆங்கில ஊர்ப்பெயர்களும் குடும்பப் பெயர்களும் எழுத்துச் சான்றுகளோடு ஆராயப்பட்டு வருபவை. ஆகவே இக்கேள்விகளை அங்கே வைத்துப் பார்ப்பது நமக்குப் பயன்தரும்.

முதலில் முறையைப் பற்றிச் சில சொற்கள். இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்து எந்த ஊர்ப்பெயருக்கும் பொருள் சொல்லிவிட முடியாது. நிலக்கொடைப் பட்டயங்கள், 1086இல் முதலாம் வில்லியம் எடுப்பித்த ‘டூம்ஸ்டே’ என்னும் நிலக் கணக்கேடு ஆகியவற்றில் ஊர் முதன்முதலில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைக் கண்டாக வேண்டும். இக்கணக்கேட்டில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட இடங்கள் பதிவாகியுள்ளன. 1923இல் தொடங்கப்பட்ட ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் மாவட்டம் மாவட்டமாக இப்பணியை இன்றளவும் செய்துவருகிறது. இந்த உழைப்பு ஏன் தேவை என்பதற்கு ‘வால்டன்’ என்னும் ஊர்ப்பெயரே போதிய சான்று. இங்கிலாந்தில் பல வால்டன்கள் உள்ளன. சிலவற்றில் முதற்பகுதி மதில், சிலவற்றில் காடு, சிலவற்றில் ஊற்று. மற்றவற்றில் அது ஒரு மக்கள் கூட்டத்தைக் குறிக்கிறது. அக்கூட்டத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியுள்ளது.

ரோமானியர் வெளியேறிய பின்னர், 5ஆம் நூற்றாண்டு முதல், வட கடலைக் கடந்து ஆங்கிலர்களும் சாக்ஸன்களும் வந்து பிரிட்டனின் கிழக்கிலும் தெற்கிலும் குடியேறினர். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பிரிட்டானியரை அவர்கள் ‘வால்ஹ்’ என்று அழைத்தனர். ‘அயலார்’ என்பது அதன் பொருள். வந்தேறியவர், மண்ணின் மக்களை அயலார் என்று அழைத்த விந்தை இது. காலப்போக்கில் அச்சொல்லுக்கு இரண்டாவது பொருள் ஒன்றும் சேர்ந்தது: அடிமை. ஓர் இனத்தின் பெயரே அடிமையைக் குறிக்கும் பொதுச்சொல்லாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

லண்டனின் தென்பகுதியிலுள்ள வால்வர்த், ‘வால்ஹ்களின் வேலியடைப்பு’. எஸெக்ஸ் மாவட்டத்தின் சாஃப்ரன் வால்டென், ‘வால்ஹ்களின் பள்ளத்தாக்கு’. லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள வாலஸி, ‘வால்ஹ்களின் தீவு’. தேம்ஸ் கரையிலுள்ள வால்டன், ‘வால்ஹ்களின் பண்ணை’. கார்ன்வால் என்பதன் பின்னொட்டும் அதே சொல்தான். வால்ஷ், வாலிஸ், வாலஸ் என்னும் குடும்பப் பெயர்களும் அதே வேரில் முளைத்தவை. வேற்று நாட்டிலிருந்து வந்த கொட்டை என்பதால் வால்நட்டுக்கும் அப்பெயர் அமைந்தது. ஒரு நாடே அச்சொல்லால் அழைக்கப்படுகிறது: வேல்ஸ்.

வேல்ஸ் மக்கள் தங்கள் நாட்டை அவ்வாறு அழைப்பதில்லை. அவர்களுக்கு அது ‘கும்ரி’. ஒரே நிலத்தைச் சேர்ந்தோர், தோழமை நாட்டார் என்னும் பொருள்தரும் பழஞ்சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வட இங்கிலாந்தின் கம்ப்ரியா என்னும் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. பிறர் வைத்த பெயரில் அவர்கள் அயலார். தாமே வைத்துக்கொண்ட பெயரில் அவர்கள் தோழர். பிறர் சூட்டிய பெயர்களை மறுத்து, தமக்கான பெயரைத் தாமே தேர்ந்த இயக்கங்களின் வழியில் வந்த நமக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

‘வால்ஹ்’ என்பது வெறும் ஏச்சாக மட்டும் இருந்திருந்தால் அதை மொழியியலாரிடம் விட்டுவிடலாம். அது சட்டத்தின் சொல்லாகவும் இருந்தது. வெஸ்ஸெக்ஸ் அரசன் ஈனி 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, கொலையுண்டவரின் உறவினருக்குக் கொலையாளி செலுத்த வேண்டிய ‘ஆள்விலை’யை வரையறுத்தது. ஆங்கிலப் பிரபுவின் விலை 1200 ஷில்லிங். சாதாரண ஆங்கிலக் குடியானவனின் விலை 200. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தை ‘ஹைடு’ என்னும் அளவால் குறித்தனர். 5 ஹைடு நிலம் உடைய வால்ஹின் விலை 600. ஒரு ஹைடு இருந்தால் 120, அரை ஹைடு இருந்தால் 80, நிலமே இல்லையென்றால் 60. பிறப்பு ஒரு படிநிலை, நிலம் இன்னொரு படிநிலை. இரண்டும் பெருகி ஒரு மனிதனின் விலையாக முடிந்தன. வால்வர்த், வால்டன் போன்ற பெயர்களை வாசிக்கும்போது இந்த விலைப்பட்டியலைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மண்ணின் மக்களுடைய மொழி, மனிதர் கைவைக்க இயலாத இடங்களில் தங்கிவிட்டது. தேம்ஸ், டெர்வென்ட், ஏவன் என ஆற்றுப் பெயர்களில் பல அவர்களுடையவை. ‘ஏவன்’ என்றால் ஆறு என்றுதான் பொருள். வந்தவர்கள் பொதுச்சொல்லைச் சிறப்புப் பெயராகக் கொண்டனர்; ஆகவே ‘ஏவன் ஆறு’ என்பது ‘ஆறு ஆறு’. லங்காஷயர் மாவட்டத்தின் பெண்டில் ஹில் இன்னும் வேடிக்கையானது. ‘பென்’ என்பது பிரிட்டானியர் மொழியில் குன்று. அத்துடன் பழைய ஆங்கிலத்தின் ‘ஹில்’ சேர்ந்து தேய்ந்து ‘பெண்டில்’ ஆயிற்று. அதற்குமேல் மீண்டும் ஒரு ‘ஹில்’. குன்றுக்குன்றுக் குன்று! வென்றவர், தோற்றவரிடம் பெயரைக் கேட்டறிந்தனர், பொருளைக் கேட்கவில்லை.

ஊர்களின் பெயரில் இருப்பவர் பெரும்பாலும் உடைமையாளரே. பர்மிங்ஹாம், ‘பேயோர்மா’ என்பவனைச் சார்ந்தோரின் குடியிருப்பு. நாட்டிங்ஹாம் முற்காலத்தில் ‘ஸ்நாட்டிங்ஹாம்’. ‘ஸ்நாட்’ என்பவனின் ஆட்களது ஊர். நார்மன்களின் நாவில் முதலெழுத்து உதிர்ந்தது அந்நகரத்தாரின் நற்பேறு. இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மூக்குச்சளி என்று பொருள். கிங்ஸ்டன், அரசனின் பண்ணை. பக்லாண்ட் என்னும் ஊர்ப்பெயரின் பொருளை வழக்கறிஞர்கள் விரும்புவர்: ‘புத்தக நிலம்’, அதாவது எழுத்துப் பட்டயத்தின்வழி உரிமை வழங்கப்பட்ட நிலம். நம் வழக்கில் சொன்னால் பட்டா நிலம். கம்ப்ரியாவில் த்ரீப்லாண்ட் என்றொரு ஊர் உண்டு. அது ‘வழக்கில் உள்ள நிலம்’. அவ்வழக்கு எப்போதோ முடிந்திருக்கும். பெயர் மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

உழைத்தவர்களின் பெயர்கள் ஊர்ப்பெயரில் தனித்தனியாக இடம்பெறவில்லை. அவர்கள் ஒரு வகையினராக மட்டுமே இடம்பெறுகின்றனர். சார்ல்டன் என்னும் ஊர்கள் ‘சேயோர்ல்’ எனப்பட்ட குடியானவர்களின் பண்ணைகள். சோமர்செட்டின் கால்ஹாம்ப்டன், ‘வாரம் செலுத்துவோரின் பண்ணை’. அக்குடியானவர்களில் ஒருவரது பெயரும் நமக்குத் தெரியாது. அவர்கள் யாருக்கோ கடன்பட்டிருந்தனர் என்பது மட்டும் தெரிகிறது. டூம்ஸ்டே கணக்கேட்டில் பதிவானவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை. அவர்கள் எண்ணிக்கையாகவே இருக்கின்றனர்: இந்தப் பண்ணையில் இத்தனை ஏர், இத்தனை அடிமை.

அடிமைகளை நேரடியாகச் சுட்டும் ஊர்ப்பெயர்களும் உண்டு. கம்ப்ரியாவின் த்ரெல்கெல்ட், ஸ்காண்டிநேவிய மொழியில் ‘அடிமைகளின் ஊற்று’. அந்த ஊற்று எவ்வகையில் அடிமைகளுக்கு உரியதாயிருந்தது என்பதைப் பெயர் சொல்லவில்லை. தனிக் கிணறும் தனிக் குவளையும் அறிந்த நமக்கு மனம் உடனே ஓரிடத்திற்குப் போகும். சான்றில்லாமல் அங்கே போய்விடக் கூடாது. சான்றுள்ள செய்தியே போதிய அளவு வியப்பூட்டுகிறது. அவ்வூரை ஆண்ட வீரப் பிரபுக் குடும்பம், ஊரின் பெயரையே தன் குடும்பப் பெயராகக் கொண்டது. ‘சர்’ பட்டத்தோடு ‘அடிமை ஊற்றார்’ என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையொப்பமிட்டனர். ஒருவரும் அவர்களை இழிவாகப் பார்க்கவில்லை; ஏனெனில் நிலம் அவர்களுடையது. இழிவு சொல்லில் இருந்திருந்தால் அவர்கள்மீதும் அது படிந்திருக்க வேண்டுமே!

டேனியர்களின் ‘பி’ என்னும் பின்னொட்டு ஊரைக் குறிக்கும்: டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி. ‘பைலா’ என்று நாம் வழங்கும் துணைவிதியும் அச்சொல்லின் வழிவந்ததே. ஊர்க்கட்டுப்பாடு என்பது அதன் முதற்பொருள். 1066இல் வென்ற நார்மன்கள், உழவர் வழங்கிய ஊர்ப்பெயர்களைப் பெரிதும் மாற்றவில்லை. பழைய பெயரின் வாலில் தம் குடும்பப் பெயரைக் கட்டினர்: ஸ்டோக் மாண்டெவில், மெல்டன் மோப்ரே. முற்பகுதி உழைப்பவரின் மொழி, பிற்பகுதி உரிமையாளரின் மொழி.

பெண்களின் பெயர்கள் அரிதாகவே தென்படுகின்றன. வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தின் பெயரில் ‘வுல்ஃப்ருன்’ என்னும் சீமாட்டி இருக்கிறார். 985இல் அவ்விடம் அவருக்குப் பட்டயத்தின்வழி வழங்கப்பட்டது. டார்செட் மாவட்டத்தின் டோல்பட்டில், ‘டோலா’ என்னும் கைம்பெண்ணின் ஊர். அங்கேதான் 1834இல் ஆறு விவசாயத் தொழிலாளர்கள், கூலிக்குறைப்பை எதிர்க்கச் சங்கம் அமைத்து இரகசிய உறுதிமொழி எடுத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு ஏழாண்டு நாடுகடத்தப்பட்டனர். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்பவருக்கு நினைவுக்கு வருபவர்கள் அத்தொழிலாளர்களே.

இனிக் குடும்பப் பெயர்கள். தந்தையின் பெயர் முதலெழுத்தோடு வாழும் தமிழருக்கு இது புதிரான ஏற்பாடு. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிற்குப் பின் சாதிப் பின்னொட்டைத் துறந்த சமூகம் நாம். கடவுச்சீட்டுப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்னும் கட்டத்திற்கு எதை எழுதுவது என்று இன்றும் திகைக்கிறோம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் ஒற்றைப் பெயரே போதுமானதாக இருந்தது. பரம்பரைப் பெயரை முதலில் கொண்டுவந்தவர்கள் நார்மன் பிரபுக்கள். தம் நிலத்தின் பெயரைத் தம் மக்களுக்குக் கடத்துவது அதன் நோக்கம். உடைமை வாரிசுக்குப் போக வேண்டுமெனில் பெயரும் போக வேண்டும். சாதாரண மக்களிடம் அது 13, 14ஆம் நூற்றாண்டுகளில் படிப்படியாகப் பரவியது. தெற்கில் முன்பாகவும் வடக்கில் பின்பாகவும். பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளும் வரிப்பட்டியல்களும் ஆளை அடையாளம் காண விரும்பின. 1538இல் தாமஸ் க்ரோம்வெல் கொண்டுவந்த தேவாலயப் பதிவேடுகள் பெயர்களை மேலும் உறையவைத்தன.

ஆய்வாளர்கள் இப்பெயர்களை நான்காகப் பிரிப்பர். இடம்: ஹில், வுட், ஃபோர்ட். தந்தை: ஜான்சன், வில்லியம்ஸ். பட்டப்பெயர்: பிரவுன், ஷார்ட், ஆர்ம்ஸ்ட்ராங். நான்காவது தொழில். நமக்கு முக்கியமானது அதுவே.

ஸ்மித் கொல்லர். தாட்சர் கூரை வேய்பவர். டானர் தோல் பதனிடுபவர். பார்க்கரும் அவரே, பதனிடப் பயன்படும் மரப்பட்டையின் பெயரால். ஸ்கின்னர் தோல் உரிப்பவர் அல்லது தோல் வணிகர். நெய்த கம்பளித் துணியைச் சுருக்கி அடர்த்தியாக்கும் தொழிலுக்குத் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர் என மூன்று பெயர்கள். நாட்பட்ட சிறுநீர் கலந்த தொட்டியில் துணியை இட்டு மணிக்கணக்கில் மிதிப்பதே வாக்கரின் வேலை. அவர் ‘நடந்தது’ அதற்குள்ளேதான். வெப்ஸ்டர், ப்ரூஸ்டர், பாக்ஸ்டர் ஆகியவற்றின் விகுதி முதலில் பெண்பாலுக்குரியது: நெசவு செய்பவள், மது வடிப்பவள், ரொட்டி சுடுபவள். தொழில் ஆணின் கைக்குப் போனபோது பெயரும் ஆணுக்குப் போயிற்று.

‘ஆங்கிலேயருக்கும் தொழில்வழிச் சாதி இருந்ததே, அவர்கள் பெயரே சான்றல்லவா’ என்று நம்மூரில் சிலர் வாதிடுவது உண்டு. அவ்வாதத்தை நேராகச் சந்திக்க வேண்டும். தோல் பதனிடும் கூடங்கள் நாற்றத்தின் காரணமாக ஆங்கில நகரங்களின் விளிம்பிலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் அமைந்தன என்பது உண்மை. டானரின் மகன் ரொட்டி சுடலாம், பேக்கரின் மகளை மணக்கலாம், ஒரே தேவாலயத்தில் ஒரே கிண்ணத்திலிருந்து அருந்தலாம் என்பதும் உண்மை. பெயர் பரம்பரையாக உறைந்த சில தலைமுறைகளிலேயே தொழில் அதைவிட்டு விலகிவிட்டது. கூரை வேய்பவரின் பெயர் கொண்ட குடும்பத்தில் மணம் புரிந்த மார்கரெட் தாட்சர் 1979 முதல் 1990 வரை பிரதமராக இருந்தபோது அப்பெயரின் பொருளை எவரும் பொருட்படுத்தவில்லை. சாதி வேலைப் பிரிவினையோடு நிற்காமல் வேலை செய்வோரையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கியதை இங்கே பொருத்திப் பாருங்கள். டானர் என்பது வேலையின் பெயராகத் தொடங்கி வெறும் பெயராக முடிந்தது. அகமணமும் தீட்டும் அதைக் காவல் காக்கவில்லை.

அதற்காக ஆங்கிலச் சமூகம் சமநிலையில் மிதந்தது என்று கொள்வதும் தவறு. பொருளியல் வரலாற்றாளர்களான கிரகரி கிளார்க்கும் நீல் கம்மின்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் மாணவர் பதிவுகளிலுள்ள குடும்பப் பெயர்களை 1170 முதல் 2012 வரை பின்தொடர்ந்தனர். மேட்டுநிலைப் பெயர்கள் சராசரிக்கு இறங்கப் பல நூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. தீட்டு இல்லாமலேயே சொத்தும் கல்வியும் இவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டிருக்க முடியுமெனில், தீட்டும் சேர்ந்த சமூகத்தில் சில பத்தாண்டு இடஒதுக்கீட்டைக் ‘காலாவதியானது’ என்பவர்களிடம் இந்த ஆய்வைக் கொடுக்கலாம்.

தகுதிநிலையை நேரடியாகச் சொல்லும் குடும்பப் பெயர்களும் உள. ஃப்ரீமன், ஃப்ரை, ஃப்ராங்க்ளின் ஆகியவை சுதந்திரமானவரைக் குறிப்பவை. எல்லோரும் சுதந்திரமாயிருந்த ஊரில் ‘சுதந்திரமானவர்’ என்பது அடையாளப் பெயராக முடியாது என்பதையும் அவை உடன் சொல்லிவிடுகின்றன. ஹாரிமன் என்பது ஹாரியின் ஆள்; மாத்யூமன் மாத்யூவின் ஆள்; ப்ரீஸ்ட்மன் பாதிரியின் ஆள். ‘ஆள்’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு மனிதன், பண்ணையாள் என இரு பொருளும் இருப்பது போலவே அங்கும். பாண்ட் என்னும் பெயரின் கதை வேறு. ஸ்காண்டிநேவிய மொழியில் ‘போண்டி’ சொந்த நிலமுடைய உழவன். நார்மன் ஆட்சியில் அவ்வுழவர்கள் பிரபுவுக்குக் கட்டுப்பட்டவர்களாக்கப்பட்டபோது சொல்லும் கூடவே இறங்கி, கொத்தடிமையைக் குறித்தது. மக்களோடு சேர்ந்து சொல்லும் அடிமையாயிற்று.

இவ்வீழ்ச்சிக்கு வேறு துணைகளும் உண்டு. ‘வில்லன்’ என்று நம் திரைப்படங்கள்வரை வந்துவிட்ட சொல், ‘வில்லானுஸ்’, அதாவது பண்ணை ஊரில் வாழும் உழவன். சார்ல்டன் ஊரின் ‘சேயோர்ல்’, பண்பற்ற முரடன் என்னும் பொருளுடைய ‘சர்ல்’ ஆனான். மறுபுறம், உயர்குடியில் பிறந்தவன் என்னும் பொருளிலிருந்த ‘ஜென்டில்’ மென்மை ஆயிற்று. ‘நோபில்’ மேன்மை ஆயிற்று. நற்பண்பின் சொற்கள் எல்லாம் மேலிருந்தும், தீப்பண்பின் சொற்கள் எல்லாம் கீழிருந்தும் எடுக்கப்பட்டன. இந்த வரிசையில் தமிழிலிருந்து போன சொல் ஒன்றும் உள்ளது. பறையர் என்னும் மக்கட்பெயரை 17ஆம் நூற்றாண்டில் பெற்ற ஆங்கிலம், பின்னர் அதை ‘விலக்கப்பட்டவர்’ என்னும் பொதுச்சொல்லாக்கியது. ‘வால்ஹ்’ என்னும் சொல்லை அடிமையாக்கிய அதே மொழியின் அதே பழக்கம். இன்றும் பன்னாட்டுச் செய்திகளில் ஒரு நாட்டைக் கண்டிக்க ‘பரையா’ என்று எழுதுகின்றனர். நம்மூர் ஆங்கில நாளிதழ்களும் கூசாமல் எழுதுகின்றன.

பெயர் ஏட்டில் இருக்கும்வரை அடிமைத்தனமும் இருக்கும் என்பதை 1381 கிளர்ச்சியாளர்கள் அறிந்திருந்தனர். தலைக்கு ஒரு ஷில்லிங் என விதிக்கப்பட்ட தலைவரிக்கு எதிராக எழுந்தவர்கள், பண்ணை நீதிமன்றங்களின் பதிவேடுகளைத் தேடித்தேடி எரித்தனர். எவன் எந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்டவன், எவன் மகளை மணமுடிக்க எவ்வளவு கட்டணம் செலுத்தினான் என்பதெல்லாம் அவற்றில்தான் பெயர்வாரியாக இருந்தன. சட்டம் பயின்றவர்களும் அவர்களது சினத்திற்கு இலக்காயினர். தலைமை நீதிபதி ஜான் கேவென்டிஷ் கொல்லப்பட்டார். நம் தொழிலைச் சேர்ந்தோர் அப்போது எந்தப் பக்கம் நின்றனர் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஜூன் 14 அன்று மைல் எண்ட் திடலில் பண்ணையடிமை முறையை ஒழிக்குமாறு அரசனிடம் கோரினர், அவனும் ஒப்புக்கொண்டான். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் அவர்களின் தலைவர் வாட் டைலர் வெட்டப்பட்டார். அரசனின் வாக்குறுதி விரைவில் திரும்பப் பெறப்பட்டது. டைலர் என்றால் ஓடு வேய்பவர். அவர்மீது வாளை ஓங்கிய லண்டன் மேயர் வில்லியம் வால்வர்த்; ‘வால்ஹ்களின் வேலியடைப்பு’ என்னும் அதே ஊர்ப்பெயர்தான் அவருடையதும். பெயரின் பழம்பொருள் எவருடைய அரசியலையும் தீர்மானிப்பதில்லை.

ஏடுகள் எரிந்தன, எழுதும் வழக்கம் எரியவில்லை. 1413இல் ஐந்தாம் ஹென்றியின் முதல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிரதிவாதியைச் சட்டப் பாதுகாப்புக்குப் புறம்பானவர் என அறிவிக்கக்கூடிய வழக்குகளில், பெயரோடு அவரது தகுதிநிலை அல்லது தொழிலையும் ஊரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும் என்றது. ஆள்மாறாட்டக் குழப்பத்தைத் தவிர்ப்பதே நோக்கம் என்பது உண்மைதான். ஆயினும் அதன்பின் ஒருவர் நீதிமன்றத்தில் வெறும் ஜான் ஸ்மித்தாக நிற்க இயலவில்லை. ‘உழவன்’, ‘கூலியாள்’, ‘கனவான்’ என்ற ஒட்டு உடன் நின்றது.

அந்த ஒட்டு எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு நார்ஃபோக்கின் பாஸ்டன் குடும்பம் சான்று. பாஸ்டன் என்னும் ஊரில் உழுத கிளெமென்ட், தன் மகனைச் சட்டம் படிக்கவைத்தார். அம்மகன் வில்லியம் 1429இல் நீதிபதியானார், நிலங்களும் சேர்ந்தன. எதிரிகள் சும்மா இருக்கவில்லை. கிளெமென்ட் சொந்தமாக ஏர் ஓட்டியவர், அவர் மனைவி பண்ணையடிமைப் பெண் என்று எழுதிவைத்தனர். அது மெய்ப்பட்டால் சொத்துரிமையே ஆட்டங்காணும். 1466இல் நான்காம் எட்வர்டு, பாஸ்டன் குடும்பம் பழம்பெரும் கனவான் குடும்பமே என்று அறிவித்தான். ஒரு தலைமுறை படிப்பில் பெற்றதைக் காக்க, பல தலைமுறைப் பரம்பரை ஒன்றைப் புதிதாகப் பெற வேண்டியிருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதைப் படித்துப் புன்னகைக்கக்கூடும்.

பண்ணையடிமை முறையை எந்தச் சட்டமும் ஒரே நாளில் ஒழிக்கவில்லை; அது தேய்ந்து மறைந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிக் என்பவர் கேய்லி என்பவர்மீது தொடுத்த வழக்கே அவ்வகையில் கடைசியாகப் பதிவானது. ‘இவர் என் பண்ணைக்குக் கட்டுப்பட்ட அடிமை, ஆகவே வழக்குத் தொடுக்க உரிமையில்லை’ என்பது எதிர்வாதம். பிக் சுதந்திரரென்றே தீர்ப்பானது. பிக் என்பது பன்றி என்னும் பட்டப்பெயர். கேய்லி, நார்மண்டியின் ஊர்ப்பெயரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் பெயர். 1066இன் எச்சம் ஒரு வழக்குத் தலைப்பில் எதிரெதிரே நின்றது.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அவ்வழக்கு மீண்டும் பேசப்பட்டது. 1769இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமை ஜேம்ஸ் சோமர்செட் 1771இல் தப்பினார்; பிடிபட்டு, ஜமைக்கா செல்லும் கப்பலில் விலங்கிடப்பட்டார். ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அவருக்காக வாதிட்ட இளம் வழக்கறிஞர் பிரான்சிஸ் ஹார்கிரேவ், ஆங்கிலச் சட்டம் அறிந்த ஒரே அடிமைமுறை பண்ணையடிமை முறைதான், அது செத்துவிட்டது, புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். 1772 ஜூன் 22 அன்று நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, சோமர்செட்டை நாட்டைவிட்டு வலிந்து அனுப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார். சோமர்செட் என்னும் மாவட்டப் பெயருக்குக் கோடைப் பண்ணை ஊரைச் சார்ந்து வாழ்வோர் என்பது பொருள். ஆப்பிரிக்காவில் பிறந்த அவருக்கு அவர் பெற்றோர் இட்ட பெயர் என்னவென்று எந்த ஆவணமும் சொல்லவில்லை.

அத்தீர்ப்பு குடியேற்ற நாடுகளைத் தொடவில்லை. 1817 முதல் ஜமைக்காவில் எழுதப்பட்ட அடிமைப் பதிவேடுகளில் பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர் மட்டுமே. அதுவும் உரிமையாளர் இட்டது. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது, உரிமையாளர்களுக்கு. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு 2015இல்தான் தீர்த்து முடித்தது. விடுதலையானவர்களுக்குக் காசு இல்லை. குடும்பப் பெயர் மட்டும் தேவைப்பட்டது, பதிவேட்டுக்காக. பலர் பண்ணை முதலாளியின் பெயரையே பெற்றனர். சிலர் தாமே தேர்ந்தனர். அமெரிக்காவில் விடுதலை பெற்றோருள் பலர் ஃப்ரீமன் என்னும் பெயரை விரும்பி ஏற்றனர். 1948க்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்து லண்டன் வந்திறங்கிய தொழிலாளர்கள் பிரவுன், வில்லியம்ஸ், கேம்ப்பெல் என்னும் பெயர்களோடு வந்தனர். அவர்களிடம் ‘நீங்கள் எந்த ஊர்’ என்று வீட்டு உரிமையாளர்கள் கேட்டனர். வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்கள் அலைந்த தெருக்களுள் வால்வர்த் சாலையும் அடங்கும் தென்லண்டனின் தெருக்கள் பல.